பெண்கள் அணியின் முதல் கோல்கீப்பர்

மிஹோகோ: சும்மா இருடீ. எழுதி முடிச்சாச்சு. நாளைக்கு அச்சுக்குப் போகுது.

நட்சுயே: என் பேரை மட்டும் எடுத்துடு, மிஹோகோ. வேற ஒண்ணும் கேக்கல.

மிஹோகோ: நம்ம யுனிவர்சிட்டி பொண்ணுங்க ஐஸ் ஹாக்கி டீமோட நாப்பது வருஷக் கதைடீ இது. முதல் கோல்கீப்பர் இல்லாமலா? கோல்ல யாரு நின்னான்னு போட, பேயா?

நட்சுயே: பேய்னே போடு. முதல் மேட்ச்ல பதினாலு கோல் விட்டவ நான்.

மிஹோகோ: பதினாறு. எண்ணித்தான் எழுதியிருக்கேன்.

நட்சுயே: பாவி... அதையுமா?

மிஹோகோ: பின்ன? ஆம்பளப் பசங்க ஐஸ் ரிங்க்ல நல்ல நேரத்தையெல்லாம் எடுத்துக்கிட்டு, நமக்குக் காலை அஞ்சு மணியைத் தள்ளிவிட்டது. அவனுங்க கழிச்சுப் போட்ட கால் பேடுங்களை நீ கயித்தால கட்டிக்கிட்டு நின்னது...

நட்சுயே: ஒரு பேடு சின்னது, ஒண்ணு பெருசு.

மிஹோகோ: மூணாவது வருஷம் சப்போரோ டீம்காரிங்களை ரெண்டுக்கு ஒண்ணுன்னு சாய்ச்சுக் கோப்பை வாங்கினது. கடைசி நிமிஷத்துல நீ முகத்தால தடுத்தியே, அதுக்கே அரைப் பக்கம்.

நட்சுயே: அதுக்குத்தான் பயப்படறேன். அந்தக் கோப்பையை... திருப்பிக் கேட்டுடுவாங்க.

மிஹோகோ: எதுக்குக் கேப்பாங்க?

நட்சுயே: அது வந்து, எப்படிச் சொல்றது...

மிஹோகோ: காபி ஆறுது. குடிச்சிட்டுச் சொல்லு.

நட்சுயே: நான் உங்ககூட யுனிவர்சிட்டியில படிக்கவே இல்ல.

மிஹோகோ: ம்.

நட்சுயே: துறைமுகத்துல மீன் டப்பா அடைக்கிற ஆலையில வேலை. கிளாஸுக்கு ஓடறேன்னு சொல்லிட்டு ஓடினதெல்லாம் அங்கதான். ரிங்க் வாசல்ல 'கோல்கீப்பர் தேவை'ன்னு ஒட்டியிருந்தீங்க. பத்து நாளா யாரும் வரல. எனக்கு ஆசை தாங்கல...

மிஹோகோ: சரி.

நட்சுயே: என்ன சரி? நம்ம குஷிரோ ஊரே சிரிக்கும். உன்னையும் சேர்த்துத்தான். கேப்டன் உன்னையே மூணு வருஷம் ஏமாத்தியிருக்கேன்.

மிஹோகோ: யாரை ஏமாத்தின? ஹாக்கி சங்கத்துக்கு அனுப்பற பாரத்துல நீ எழுதினியே ஒரு மாணவர் எண், அப்படி ஒரு எண்ணே கிடையாதுடீ. அதை அடிச்சிட்டு, படிப்பை நிறுத்திட்டுப் போன என் ரூம்மேட்டோட எண்ணைப் போட்டு அனுப்பினவ நான்தான். நீ மாணவி இல்லங்கறது, நான் எண்ணை மாத்தினது, ரெண்டையும் முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன். கோப்பை வேணும்னா என்கிட்ட வந்து கேக்கட்டும்.