படத்துக்காகக் கொடுத்த குழாய்

அந்தப் பெண் திருடவில்லை. புரதம் இருந்த சோதனைக் குழாயை அவர் கையில் கொடுக்கச் சொன்னவர் எங்கள் துறைத் தலைவர். கொடுத்தவள் நான்.

என் பெயரும் முகவரியும் முன்தாளில் எழுதிக் கொடுத்தபடி. வயது இருபத்தேழு. மணமாகாதவள். மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஆராய்ச்சி உதவியாளராக வேலை செய்து வருகிறேன். இதைச் சொன்ன பிறகு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்பது தெரிந்தே சொல்கிறேன்.

என் வேலை ஒரு மனிதப் புரதத்தைத் தயாரிப்பது. நம் செல்களில் மரபணுவைப் பார்த்து எழுதிய நகல்களாக ஆர்.என்.ஏ. இழைகள் உண்டாகின்றன. அவற்றைச் சரியான அளவுக்கு வெட்ட வேண்டும், வேலை முடிந்ததும் சிதைத்துத் தள்ள வேண்டும். அதைச் செய்யும் புரதங்களில் இது ஒன்று. இதற்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, பிரித்தெடுக்கிறோம். இழை எப்படி வெட்டுப்படுகிறது, எப்படிச் சிதைகிறது என்று சோதனை செய்து பார்க்கத்தான் அது. வேறெதற்கும் ஆகாது. குழாயில் நான் ஒட்டும் சீட்டில் 'மனிதப் புரதம்' என்றும், அதன் கீழே 'மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது' என்றும் இருக்கும். ஒட்டி ஒட்டி எனக்கு அது உறைப்பதில்லை.

மேற்படி பெண் துணி தேய்க்கும் கடையில் வேலை செய்பவர். அவருடைய ஆறு வயது மகளுக்கு இதே புரதம் பிறவியிலேயே பழுது. தலை நிற்காது, பேச்சில்லை, விழுங்குவது சிரமம். வளாகத்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். எங்கள் தலைவர் வார்டுக்குப் போய், ஆய்வுக்காகக் குழந்தையின் ரத்தமும் தோலில் ஒரு துணுக்கும் கேட்டபோது நான் உடனிருந்தேன். "உங்க பொண்ணுக்குச் சரியில்லாத அந்தப் புரதத்த நாங்க செஞ்சுட்டோம்மா" என்றார். அது பொய்யில்லை. அது மருந்து இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.

அதன் பிறகு, ஆய்வைப் பற்றிப் பத்திரிகையில் போடப் படம் வேண்டும் என்று அவரை ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார்கள். அவர் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். தலைவர் என்னிடம் குழாயை அவர் கையில் கொடுக்கச் சொன்னார். "வெறும் தண்ணி ஊத்தின குழாய் போதும் சார், இது சூடுபட்டா கெட்டுப்போயிடும்" என்றேன். "படத்துல கூட பொய் வேணாம்மா, நெசத்தையே குடு" என்றார். பனிக்கட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படக்காரர், "அக்கா, கொஞ்சம் சிரிங்க, சிரிச்சா என்ன கொறஞ்சா போயிடும்" என்றார். அவர் சிரிக்கவில்லை, குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் எல்லோரும் தேநீர் இருந்த பக்கம் போனார்கள். அவரையும் வாங்க என்று யாரும் சொல்லவில்லை. குழாயைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அவர் போய்விட்டார்.

இந்த இடத்தில், நான் சொல்வதை எழுதிக்கொள்ளும் காவல் நிலைய எழுத்தர் 'எடுத்துச் சென்றார்' என்று எழுதினார். அதை அடித்துவிட்டு எழுதச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா, எதுக்கு இழுக்குற" என்றார். ஒன்றல்ல என்றேன். ஒரு சொல்லுக்காகத்தான் ஒருவர் உள்ளே இருக்கிறார், ஒருவர் வெளியே இருக்கிறார். 'கொடுக்கப்பட்ட குழாயுடன் சென்றார்' என்று திருத்தப்பட்டது.

குழாய் இல்லாததைக் கவனித்ததும் நான் வார்டுக்கு ஓடினேன். அவர் அதைப் பாலில் கலந்து மகளுக்குக் கடைசிக் கரண்டி ஊட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, அது மருந்தில்ல" என்றேன். "உங்க சார்தானே செஞ்சுட்டோம்னாரு. செஞ்சத யாருக்கு வெச்சிருக்கீங்க, தங்கச்சி?" என்று கேட்டார். நான் சொல்லித்தான் மருத்துவர் வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு, பயமில்லை, சாப்பாட்டைப் போல அதுவும் வயிற்றில் செரித்துவிடும் என்றார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆய்வுப் பொருள் நோயாளியின் வயிற்றுக்குள் எப்படிப் போனது என்று மருத்துவமனை கேட்கும் என்பதால், கேட்பதற்குள் திருட்டுப் புகார் கொடுத்துவிட்டார் எங்கள் தலைவர். நேற்று அந்தப் பெண்ணைப் போலீசார் வார்டிலிருந்தே இந்த நிலையத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

அந்தக் குழந்தைக்கு ஊட்டுவது எல்லோருக்கும் கைவராது. தாடையை ஒரு விரலால் தாங்கி, தொண்டை அசைகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நர்ஸ் கொடுத்தால் புரையேறுகிறது. நான் கொடுத்தும் ஏறியது. நேற்றிலிருந்து நரம்பு வழியாகக் குளுக்கோஸ் மட்டும் ஏறுகிறது. மூக்கு வழியாகக் குழாய் விடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

இனி வரும் வரிகளை என் கையால் எழுதுகிறேன். அந்தத் தாயை இன்றே விட வேண்டும். விட முடியாவிட்டால் காவலோடாவது வார்டுக்கு அனுப்புங்கள், ஊட்டிவிட்டு வரட்டும். எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். எழுத்தர் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறார்.

(ஒப்பம்)