தண்ணீர் ஊற்றக் கூடாத மாதங்கள்

பெல்லடோனா லில்லி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் செய்கிற தப்பு, அதன்மேல் இரக்கப்படுவதுதான் ஐயா. கோடையில் இலையெல்லாம் காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் ஓய்வெடுக்கும். செத்துவிட்டதென்று பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவார்கள், கிழங்கு அழுகிவிடும். பேசாமல் காயவிட்டால் போதும். ஒருநாள் மண்ணிலிருந்து தண்டு மட்டும் கிளம்பும், இலையே இல்லாமல் பூ விரியும்.

என்னுடையது கடையில் வாங்கியது இல்லை. கப்பல் வேலைக்குப் போன சௌக்கத் அலி கொண்டுவந்து கொடுத்த பெல்லடோனாவையும் எண்ணூர்க் கரையில் முளைக்கிற விஷமூங்கில் என்கிற லில்லியையும் நானே கலந்து, விதை எடுத்து, ஏழு வருஷம் வளர்த்தது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இந்த 2003இல்தான் முதல் பூ வந்திருக்க வேண்டும்.

என் மனைவி பூமாரி, லாரியில் பிடித்த தண்ணீரில் தினம் ஒரு சொம்பு அதற்கு ஊற்றியிருக்கிறாள். கிழங்கைத் தொட்டால் கூழாக இருந்தது.

"பாவம், தவிச்சிகினு கீதேன்னு ஊத்தனேன்யா," என்றாள்.

நான் கை ஓங்கவில்லை. அழுகைதான் வந்தது. காய்ந்து கிடப்பது வேறு, தவிப்பது வேறு என்று அவளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். பட்டால்தான் புரியும் என்று, உரமூட்டை வைக்கிற தகரக் கொட்டகையில் அவளை விட்டுப் பூட்டினேன்.

இரண்டு நாள் கதவைத் தட்டினாள். "ஒரு வாய் தண்ணி குடுயா," என்றாள். வீட்டில் எட்டுக் குடம் நிறைந்திருந்தது. கொடுத்திருக்கலாம். பாதியில் ஊற்றிக் கெடுக்கக் கூடாதென்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஜீனத் வந்தாள்.

"இன்னாண்ணா, லாரி வந்து நின்னுகினு கீது, அக்காவக் காணோம்?"

காத்திவாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அந்த நேரம் பார்த்துத் தகரத்தில் நகத்தால் பிராண்டுகிற சத்தம்.

"எலி," என்றேன்.

ஜீனத் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

நான்காம் நாள் சத்தம் நின்றுவிட்டது. ஓய்வு ஆரம்பித்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆறாம் நாள் ஜீனத் உங்களைக் கூட்டிவந்தாள். பூட்டை உடைத்தீர்கள். கொலை என்று எழுதுகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். பூட்டியது நான், தண்ணீர் கொடுக்காததும் நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவசரப்பட்டுவிட்டீர்கள் ஐயா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அவளே எழுந்து வந்திருப்பாள்.