பாட்டு இருக்கிறது, பாடு இல்லை

உங்கள் காபி மோசமில்லை, ஆபீசர். நாஷ்வில் ஸ்டூடியோக்களில் ஆறிப்போன காபியைக் குடித்தே காலம் தள்ளியவனுக்கு இது விருந்து. ரொம்பக் களைப்பாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டார்லீன் ஸ்பர்லாக்கின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவன் நான். இந்த வயதில் இன்னொரு குரலைத் தேடி அலைய எனக்குத் தெம்பில்லை. அவள்தான் கடைசி என்று முடிவு செய்திருந்தேன்.

விமர்சனங்கள் வந்தன. யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. கன்ட்ரி என்கிற நம் கிராமத்துப் பாட்டைக் கேட்பவர்கள் ராகத்துக்கு முன்னால் பார்ப்பது, பாடுகிறவள் வாழ்க்கையில் கஷ்டம் பட்டவளா என்பதைத்தான். டார்லீன் வந்தது மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி ஊரிலிருந்து. பாடியதோ சமையலறையில் ஆடும் ஆட்டத்தையும் புருஷனின் குறட்டையையும். “பாட்டு இருக்கிறது, பாடு இல்லை” என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர், “இந்தப் பெண் வாழ்க்கையில் பட்ட பெரிய அடி, கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டதாகத்தான் இருக்கும்” என்றார்.

அவள் புருஷன் ஹோலிஸ் அதை ஸ்டூடியோவில் சத்தமாக வாசித்தான். “ஏய் டார்லீன், உன்ன நான் இன்னும் கொஞ்சம் அழ வெச்சிருக்கணும் போலிருக்கே!”

“உன் சமையலைத் தின்னு அழுதது போதாதா?” என்றாள் அவள். வாத்தியக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. மைக்கை மாற்றிப் பார்த்தேன். அடுத்தவர் எழுதிய சோகப் பாட்டுகளைப் பாட வைத்தேன். இரவல் சட்டை மாதிரி தொளதொளவென்று இருந்தது. விவாகரத்து ஒன்று நடந்தால் உதவும் என்று தோன்றியது. ஆனால் அவர்கள் இருவரையும் பிரிப்பது ஆகிற காரியமில்லை. பொறுமையாகத்தான் யோசித்தேன். எனக்கு ஹோலிஸ்மேல் எந்தக் கோபமும் கிடையாது. நல்ல பையன்.

வெளியூர்க் கச்சேரிக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலையில் வேனில் எண்ணெய் ஒழுகியது. ஹோலிஸ் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு அடியில் படுத்தான். “பெரியவரே, அந்தச் சின்ன ஸ்பேனரக் கொஞ்சம் குடுங்க” என்றான். கொடுத்தேன். பிறகு ஜாக்கியைத் தளர்த்தினேன். நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அடக்கம் முடிந்து அக்கம்பக்கத்தார் துக்க வீட்டுக்கென்று சமைத்த சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வந்துபோனார்கள். டார்லீன் எதையும் தொடவில்லை. இரண்டாவது ஆல்பத்துக்கு அவசரமில்லை, மனதில் இருப்பதை மெல்ல எழுது என்றேன். இதமாகத்தான் சொன்னேன்.

“எதை எழுதச் சொல்றீங்க மர்வின் சார்? ஒம்பது வயசுல சுரங்க வாசல்ல நின்னு எங்கப்பாவைப் போர்வையில சுத்தித் தூக்கிட்டு வந்ததப் பாத்தேன். மொதக் குழந்தைய நானே குளிப்பாட்டிப் பொதைச்சேன். அதெல்லாம் பாடினா மேடையில என்னால நிக்க முடியாது. இந்த மனுசன்தான் என்னைச் சிரிக்க வெச்சாரு. அந்தச் சிரிப்பத்தான் பாடினேன். இனிமே எங்கிட்டப் பாட ஒண்ணுமில்ல.”

கிட்டாரைப் பெட்டியில் வைத்து என்னிடமே கொடுத்துவிட்டாள். அதன்பிறகு அவள் வாயைத் திறந்து பாடிக் கேட்டவர் யாருமில்லை.

அதனால்தான் வந்தேன், ஆபீசர். கொன்றது நான்தான். மறுக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் சேர்த்து எழுத வேண்டும். அப்பாவையும் குழந்தையையும் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்னாலேயே சொல்லியிருந்தால் ஹோலிஸ் இன்று உயிரோடு இருந்திருப்பான். அவளை நான் மன்னித்துவிட்டேன்.