பத்துப் பேருக்கும் சேர்த்து ஓடியவன்

நடுநாயகமாக வீற்றிருக்கும் நம் விளையாட்டு மன்றத்தின் தலைவர் அவர்களே, அவருக்கு வலமும் இடமுமாக அமர்ந்து வாட்டர் பாட்டிலோடு வழக்காடிக்கொண்டிருக்கும் நிர்வாகக் குழுவினரே, சோப்புத் தொழிற்சாலையை நுரை பொங்க நடத்திவரும் மூத்த தொழிலாளத் தோழர்களே, பொழுது விடியும் முன்னே பிள்ளைகளைத் தட்டி எழுப்பி மைதானத்துக்கு அனுப்பிவைக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் பேக்கிங் பிரிவின் பழைய கோல்கீப்பர் வணங்குகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘மற்ற விளையாட்டு வீரர்களுக்கு ஓட்டம் தரும் நன்மைகள்’. அருமையான தலைப்பு. இன்றைய நிகழ்ச்சி நிரலில் இதற்கு அடுத்து என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? ‘மைதானத்தைச் சுற்றியுள்ள மண் ஓடுபாதைக்கு சிமெண்ட் பூசி, வாகன நிறுத்தமாக்கும் தீர்மானம்’. என்ன பொருத்தம், பாருங்கள். ஓட்டத்துக்கு ஒரு புகழுரை, ஓடுபாதைக்கு ஒரு கருமாதி, இரண்டும் ஒரே மாலையில். இப்படி நேரத்தை மிச்சப்படுத்தும் நிர்வாகம் யாருக்கு வாய்க்கும்?

கைதட்ட வேண்டாம். குழுவினர் தங்களுக்கென்று நினைத்துக்கொள்வார்கள்.

ஓட்டம் என்ன தரும்? பந்தடிப்பவனுக்குப் பலம் தரும், மட்டை பிடிப்பவனுக்கு மூச்சுத் தரும், மல்லுக்கு நிற்பவனுக்கு மனம் தரும். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் காலால் கற்றுச் சொல்கிறேன். கற்க வைத்தவர் இதோ இருக்கிறார், நம் தலைவர். அன்றைக்கு எங்கள் கால்பந்து அணியின் கேப்டன்.

அந்த ஆண்டு புதிதாக வந்த பயிற்சியாளர் ஒரு சட்டம் போட்டார். தினமும் காலையில் ஆளுக்கு மூன்று சுற்று. வாட்ச்மேன் அண்ணன் கேட் அறையில் நோட்டோடு உட்கார்ந்து, எந்த நம்பர் பனியன் கடந்து போகிறதோ அந்த நம்பருக்கு ஒரு கோடு போட வேண்டும். கேப்டன் உடனே அணியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டினார். நம் தொழிற்சாலையில் வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதானே வழக்கம்? அச்சில் வார்ப்பவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், சுற்றுபவர் ஒருவர். அதே கணக்கை ஓட்டத்துக்கும் போட்டார்.

“இதோ பாருங்கப்பா, மேட்ச்ல நாம பத்துப் பேரும் ஓடுறோம். இவன் மட்டும் சும்மா நிக்கிறான். அப்ப பயிற்சியில இவன் ஓடட்டும், நாம நிப்போம். நியாயம்தானே?”

நியாயம் என்று பத்துத் தலைகள் ஆடின. பதினோராவது தலை என்னுடையது. அதை யாரும் கேட்கவில்லை.

ஓடினேன். ஒன்றாம் நம்பர் பனியனில் மூன்று சுற்று, தொட்டிக்குப் பின்னால் போய்க் கழற்றி மாட்டி, இரண்டாம் நம்பரில் மூன்று சுற்று. இப்படியே முப்பத்து மூன்று. ஒரு மாதம் கழித்து வாட்ச்மேன் அண்ணன் என்னை நிறுத்தினார்.

“ஏம்பா, உங்க டீம்ல எல்லாரும் ஒரே மாதிரி ஓடுறீங்களே, ஒரே வீட்டுப் பிள்ளைங்களா?”

“ஆமாண்ணே, பெரிய குடும்பம்” என்றேன்.

சிரிக்கிறீர்கள். இறுதி ஆட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அணிக்கு ஒரு கோல், ஆட்டம் முடியப் பத்து நிமிடம். எங்கள் பத்துப் பேரும் இடுப்பில் கை வைத்து, புகைப்படத்துக்கு நிற்பதுபோல் நின்றுவிட்டார்கள். பந்து என்னிடம் வந்தது. யாருக்குப் போடுவது? கேப்டனைப் பார்த்தேன். கண்ணாலேயே “எனக்கு வேண்டாம்” என்றார். சரி என்று நானே கொண்டுபோனேன். நடுக்கோட்டைத் தாண்டினேன், தடுக்க வந்தவர்களைத் தாண்டினேன், கோல்கீப்பர் இவ்வளவு தூரம் வருவானா என்று எதிரணிக் கீப்பர் யோசித்து முடிப்பதற்குள் அடித்தேன். வென்றோம். முப்பத்து மூன்று சுற்று என் காலுக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு, அதிகச் சுற்று ஓடியவருக்கு நோட்டைப் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள். யாருக்கு என்கிறீர்களா? சரியாகச் சொன்னீர்கள் அக்கா. கடைசி நாளன்று கேப்டன் தன் பனியனுக்கு மட்டும் ஆறு சுற்று ஓடச் சொல்லியிருந்தார். தலைவர் அவர்கள் நெற்றியைத் துடைக்கிறார்கள், யாராவது மின்விசிறியைத் திருப்புங்கள். அந்தப் பரிசு அவரிடமே இருக்கட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை.

வருத்தம் வேறு. என் மகள் பேட்மிண்டன் ஆடுகிறாள். போன வருடம் முட்டி போய் அறுவைச் சிகிச்சை ஆனது. கட்டுப் பிரித்த அன்று மருத்துவர் அம்மா சொன்னார்கள்: “ராக்கெட்டை அப்புறம் எடுக்கலாம். முதல்ல மண்ணுல மெதுவா ஓடு. சிமெண்ட்ல மட்டும் ஓடிடாதம்மா, முட்டி திரும்பவும் போயிடும்.” ஐந்து மாதமாக நம் பாதையில் ஓடுகிறாள். முதல் வாரம் அரைச் சுற்றில் உட்கார்ந்து அழுதாள். போன வாரம் எட்டுச் சுற்று. வருகிற மாதம் தேர்வு ஆட்டம். ஊரில் வேறு மண் பாதை இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, இதை நான் வேடிக்கையாகச் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன்.

கார் நிற்க இடம் வேண்டாமா என்று பின்வரிசையில் ஓர் ஐயா கேட்கிறார். வேண்டும் ஐயா. ஆனால் காருக்கு எங்கே நின்றாலும் நிற்கத் தெரியும். முட்டி தேறிவரும் பெண்ணுக்கு எங்கே வேண்டுமானாலும் ஓட முடியாது.

சற்று நேரத்தில் தீர்மானம் வேண்டும் என்பவர்களையும் வேண்டாம் என்பவர்களையும் தனித்தனியாகக் கை தூக்கச் சொல்வார்கள். அவளுக்கு இங்கே உறுப்பினர் அட்டை இல்லை, ‘வேண்டாம்’ என்று அவளுக்காக நீங்கள்தான் தூக்க வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் ஓட முடியாது, பெரியோர்களே. நான் பத்துப் பேருக்கு ஓடிப் பார்த்தவன், ஒருவர் காலிலும் அது சேரவில்லை. பெற்றவன் நான், அவளுக்காக ஒரு சுற்றுகூட என்னால் ஓட முடியாது. நாளை காலை ஐந்தரை மணிக்கு அவள் ஷூ கட்டிக்கொண்டு, “அப்பா, போகலாமா?” என்று கேட்பாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை இப்போது உங்கள் கைகள் சொல்லட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், நடுவில் எழுந்து போகாத தலைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.