இடது காதுக்கு இரண்டு விநாடி

மின்விசிறி ஓடட்டும் சார், அதனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்காதீர்கள், என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். தலையைக் குனிந்துகொண்டு பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மரியாதைக் குறைவாகத் தோன்றும்.

என் தங்கை நேற்று ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதைப் படித்தேன். "எங்க அண்ணனுக்குக் கொஞ்ச வருஷமாவே காது சரியா கேக்காது. எவ்வளவு சத்தம் வெக்கிறோம்னு தெரியாம வெச்சிருப்பாரு. வேணும்னு செய்யிற ஆளு இல்ல." அதற்குக் கீழே நான் ஒரு கையெழுத்துப் போட்டு, ஒரு மருத்துவச் சான்றிதழையும் வைத்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். போட மாட்டேன். அவள் எழுதியது பொய். அதைத் திருத்தத்தான் நானாகவே வந்திருக்கிறேன்.

அவள் பாடகி. பதினோரு வருடமாக அவள் குழுவுக்கு மானிட்டர் பார்ப்பது நான். சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பது வேறு, மேடையில் நிற்பவர்கள் தங்கள் காதுக்குள் கேட்பது வேறு. இந்த இரண்டாவதுதான் என் பொறுப்பு. மேடை ஓரத்தில், சத்தங்களைக் கலந்து அனுப்பும் மிக்சரோடு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு வயர்லெஸ் பெட்டி, அதிலிருந்து இரண்டு காதுக்கும் இயர்பீஸ். டிரம்ஸ் வாசிப்பவருக்கு ஒன்று வேண்டும், கிடார்காரருக்கு வேறொன்று வேண்டும். தங்கைக்கு அவள் குரலும் கொஞ்சம் கீபோர்டும் போதும். நான் கொடுப்பதைத்தான் அவர்கள் கேட்க முடியும்.

இந்த வேலையில் நான் ஒருநாளும் சோம்பியதில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பேட்டரி. அரங்கத்துக்குள் நுழைந்ததும் எந்த அலைவரிசை காலியாக இருக்கிறது என்று பார்த்துப் பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுப்பேன். பிறகு ஒவ்வொரு பெட்டியையும் என் இடுப்பில் மாட்டிக்கொண்டு, எங்கேயாவது சத்தம் அறுகிறதா என்று மேடையின் மூலைமுடுக்கெல்லாம் நடப்பேன். தங்கையின் இயர்பீஸ் அவள் காதுக்கென்றே வார்த்தது. அச்செடுக்கக் காதுக்குள் பசையை ஊற்றியபோது, கூசுகிறது என்று சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன வருடம் ஒரு நிகழ்ச்சியில், இரண்டாவது பாட்டின் நடுவில், இடது இயர்பீஸைப் பிடுங்கித் தோளில் தொங்கவிட்டாள். பார்ப்பவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. எங்கள் தொழிலில் அது சமைத்தவன் கண்ணெதிரே தட்டைத் தள்ளிவைக்கிற மாதிரி. நான் கொடுக்கிற சத்தம் பிடிக்கவில்லை என்று ஊரறியச் சொல்வது. அடுத்த நிகழ்ச்சியிலும் பிடுங்கினாள். ஏன் என்று கேட்டேன்.

"ஜனங்க கைதட்டுறது கேக்கணும்ணா, அதான்" என்றாள்.

யாருக்குக் காது குத்துகிறாள்? கைதட்டலுக்கென்றே மேடை முனையில் இரண்டு மைக் வைத்து, அதையும் நான்தான் அவள் காதுக்குள் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் ஒரு வாரத்தில் தெரிந்தது. அவள் காலடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. அதை மிதித்துவிட்டுப் பேசினால் சபைக்குக் கேட்காது, என் இயர்பீஸில் மட்டும் கேட்கும். மிதித்ததை அணைக்க மறப்பது பாடுகிறவர்களுக்கெல்லாம் உள்ள வியாதி. அன்று ஒத்திகையில் அவளும் மறந்துவிட்டாள். டிரம்ஸ் வாசிப்பவரை நாங்கள் மொட்டை என்போம். அவரிடம் அவள் பேசியது நேராக என் காதில் விழுந்தது.

"அண்ணன் வெக்கிற சவுண்டு இப்பல்லாம் ஒரே கீச்சுனு இருக்கு மொட்டை. அவருக்கே அது கேக்கல போல. தாங்க முடியாமத்தான் ஒண்ணக் கழட்டிடறேன்."

"அவர்ட்டயே சொல்லிட வேண்டியதுதான?"

"பாவம், தாங்க மாட்டாரு. ஒரு வருஷம் இப்படியே ஓட்டிட்டு வேற ஆளப் பாத்துக்கலாம்."

பாவமாம். அவள் திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். முகத்துக்கு நேரே போ என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். அவள் குரல் ஒரு மயிரிழை சுருதி விலகினாலும் முதலில் கண்டுபிடித்தது இந்தக் காது. அந்தக் காதுக்கு அவள் பரிதாபப்படுகிறாள். அன்று மதியம் சாப்பிடாமல், சுற்றிய வயர்களையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

என்ன கேட்டீர்கள்? வாயிலிருந்து பேனாவை எடுத்துவிட்டுக் கேளுங்கள். ஆமாம், அதற்குத்தான் வருகிறேன்.

லிமிட்டர் என்று ஒன்று உண்டு. திடீரென்று பெருஞ்சத்தம் வந்தால் அது காதுக்குப் போகாமல் தடுத்து நிறுத்தும். அவள் பெட்டியில் அதை அணைத்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை முழுக்கத் திறந்து, அசையாதபடி மேலே டேப் ஒட்டினேன். கை பட்டுத் திரும்பிவிடக் கூடாதென்று டேப் ஒட்டுவது வழக்கம்தான், அதனால் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு துளி ஏற்றினேன். ஒற்றைக் காதில் கேட்பவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் பற்றாது. சீக்கிரத்திலேயே அவளாகவே என் பக்கம் திரும்பி விரலை உயர்த்த ஆரம்பித்தாள். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். கொடுத்தேன்.

மொட்டை புகாரோடு உங்களிடம் தந்த பென்டிரைவில் இருபத்துமூன்று நிகழ்ச்சிகளின் சத்த அளவுகளும் இருக்கின்றன. வரிசையாக வைத்துப் பாருங்கள். படிக்கட்டு மாதிரி ஒரே சீராக ஏறியிருக்கும். காது கேட்காதவன் கை அப்படி ஏற்றுமா?

ஒருநாள் காலையில், வண்டியில் சாமான் ஏற்றும்போது கேட்டாள்.

"வலது காதுல விசில் மாதிரி ஒரு சத்தம் நின்னுக்கிட்டே இருக்குண்ணா. லிமிட்டர் போட்டிருக்கீங்கல்ல?"

"போட்டிருக்கேம்மா."

தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். இரண்டு மாதத்தில் வலது காது போயிற்று. திரும்ப வராது என்று மருத்துவர் சொன்னார். நான்தான் கூடப் போயிருந்தேன். அவள் பையை வைத்துக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அத்தோடு நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஓய்வு முடிந்து திரும்பி வந்த அன்று ஒத்திகைக்கு முன் என் மிக்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளே இடது இயர்பீஸை எடுத்துக் காதில் பொருத்திக்கொண்டாள். ஏழு மாதமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். பொருத்திவிட்டுச் சும்மா எழுந்து போயிருக்கலாம். என் தோளில் கை வைத்தாள்.

"உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு இப்பத்தாண்ணா புரியுது. ரெண்டு பேரும் சேந்தே டாக்டரப் பாப்போம். நமக்குள்ள என்ன வெக்கம்?"

நமக்குள். அவளுக்கு வந்த குறையில் எனக்கும் ஒரு பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்தாள். மேடை நடுவில் போய் நின்று, தயார் என்று விரலை உயர்த்தினாள். வயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மிக்சரில் ஒரு சோதனை ஒலி இருக்கும். ஊசி மாதிரி, நீளமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒலிக்கும். அதை முழு அளவில் அவள் காதுக்கு மட்டும் அனுப்பினேன். இரண்டு விநாடி. மனதுக்குள் எண்ணித்தான் பொத்தானை விட்டேன். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. என் வேலை எப்போதுமே அவ்வளவு சுத்தம்.

இப்போது வீட்டில் நான் பேசும்போது என் வாயையே பார்க்கிறாள். பதினோரு வருடம் மேடையில் சத்தம் வேண்டுமென்றால் மட்டும் என் பக்கம் திரும்பியவள், ஒரு சொல் தவறிவிடுமோ என்று கண்ணெடுக்காமல் பார்க்கிறாள். நேற்று உங்களிடம் வந்ததும் என்னைக் காப்பாற்றத்தான், தெரியும். இன்னும் அந்தப் பாவம் பார்க்கிற புத்தி அவளை விடவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். லிமிட்டரை நான் அணைத்தேன். சத்தத்தை நான் ஏற்றினேன். இடது காதை இரண்டே விநாடியில் நான் கெடுத்தேன். எல்லாம் தெரிந்தே செய்தது. துல்லியமான காது உள்ளவனால் மட்டுமே செய்ய முடிகிற வேலை இது. என் காதில் ஒரு குறையும் இல்லை.

படித்துக் காட்டிய பிறகுதானே கையெழுத்து வாங்குவீர்கள்? படியுங்கள் சார், ஒரு வரி விடாமல் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.

என்ன, தலையைக் குனிந்துகொண்டு இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள்?

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? படித்து முடித்துவிட்டீர்களா?