பாடையைப் பிரிச்சுப் பின்னின பறி

அது வாந்திபேதி வந்த காலம். கொள்ளிடத்துக் கரையில நாணக்குடின்னு ஒரு ஊரு. இந்த ஊருதான், அப்ப ஆளு நெறைய இருந்துச்சாம். பேதி வந்துச்சு, வீட்டுக்கு வீடு போச்சு, போன வீட்டுல எல்லாம் ஆள எடுத்துச்சு.

அந்த ஊருல சாத்தையன்னு ஒருத்தன், கூடை முடையிறவன். நம்ம வம்சத்துக்கு மூத்தவன். பேதி வந்த பொறவு கூடை யாருக்கு வேணும்? மூங்கில வெட்டு, பாடையக் கட்டு. மூங்கில வெட்டு, பாடையக் கட்டு. மக வெள்ளச்சி நெனவில்லாமக் கெடந்தப்ப பொண்டாட்டி பூவாயி போனா. அவளுக்கும் அவனே கட்டினான். அழலியாம். கல்நெஞ்சுன்னு சொல்லிடாதீங்க. அத்தன பேரத் தூக்கினவனுக்கு உள்ள ஒண்ணும் மிச்சமில்ல, அவ்வளவுதான்.

தோப்புல கடைசி ரெண்டு கழி நின்னுச்சு. விட்டா அடுத்தவன் வெட்டிக்குவான். சாத்தையன் வெட்டிட்டு வந்தான். மக மூச்சு விட்டுக்கிட்டு இருக்கையிலேயே வாசல்ல பாடையக் கட்டிட்டான். வாய்க்கரிசியும் முடிஞ்சு வச்சுட்டான். பெத்தவன் செய்யிற காரியமா? செஞ்சான். கை பழகிப் போச்சு.

விடிஞ்சுது. உள்ளேருந்து கொரலு. "யப்பா, பசிக்குது."

ஓடிப்போயி அள்ளிக்கிட்டான்னு சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி இல்ல. "இரு"ன்னானாம். அடுப்பப் பாத்தான், நெருப்பில்ல. பானையப் பாத்தான், ஒண்ணுமில்ல. தெருவுல போயி கேட்டான்.

நாட்டாம தள்ளி நின்னே சொன்னாராம்: "கட்டின பாடை வெறுமனே கெடக்காதுடா சாத்தையா. ஆளு கேக்கும். அது உன் வாசல்ல கெடக்குற மட்டும் எந்த வீட்டுலயும் உனக்கு அரிசி இல்ல, நெருப்பு இல்ல."

"ஆத்துல விட்டுடட்டுமாய்யா?"

"கீழ ஊருல ஒதுங்கி அங்க கேக்கும். அந்தப் பாவம் வேணாம்."

"அப்ப நான் என்னதான் பண்ண?"

"தெரியலப்பா. எனக்கும் ரெண்டு புள்ள போச்சு."

திரும்பி வந்தான். பாடைகிட்ட குந்தினான். உள்ளேருந்து, "யப்பா, பசிக்குது."

அருவாள எடுத்தான். பாடையோட கட்ட அறுத்தான். கழியப் பொளந்தான், பொளந்ததச் சீவினான், சீவினத வளைச்சுப் பின்னினான். எறா புடிக்கிற பறி. வாய் அகலம், வயிறு பெருசு, வாலு முடிச்சு. வாய்க்குள்ள இன்னொரு சின்ன வாய், அதுல மூங்கில் முனையெல்லாம் உள்பக்கமா நிக்கும். எறா உள்ள போவும், வெளிய வராது. பாடையக் கட்டின கயித்தாலயே இறுக்கினான். எரைக்கு? வாய்க்கரிசிதான். உசுரோட இருக்குறவளுக்கு அதப் பொங்கிப் போடுறதா? துணியோட பறிக்குள்ள கட்டினான். கல்ல வச்சு ஆத்துல முக்கினான்.

"உசுருதான வேணும்? எடுத்துக்க"ன்னானாம். பாடைகிட்டதான் பேசினான்னு சொல்லுவாங்க.

சாயங்காலம் தூக்கினான். நீலக்கால் எறா, பறி நெறைய. ஊருல யாரையும் நெருப்பு கேக்கல. சுடுகாட்டுலதான் அணையாம எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சே, அங்கேருந்து எடுத்துட்டு வந்தான். சுட்டான். உரிச்சு உரிச்சு மக வாயில வச்சான். தின்னா. நல்லாத் தின்னா.

தின்னுக்கிட்டே கேட்டாளாம்: "ஆத்தாளுக்கு எடுத்து வச்சியா?"

சாத்தையன் மூஞ்சியில ஒண்ணும் அசையலியாம். "வச்சிருக்கேன்"னான். சொல்லிட்டு, பெருசாப் பாத்து ரெண்டு எறாவ எலையில எடுத்தும் வச்சான்.

வெள்ளச்சி பொழச்சா. பேதியும் ஒருநா ஓஞ்சுது. அவன் பறி போட்ட எடம்தான் பாடைத்துறை. இன்னைக்கும் நம்ம ஊருல சாகக் கெடந்தவங்க எந்திரிச்சா, அந்த வீட்டு ஆம்பளை ஒரு பறி பின்னி அங்கதான் போடணும். விழுறதச் சுட்டு எல்லாரும் திங்கலாம். ரெண்டு மட்டும் எலையில இருக்கும், ஒருத்தரும் தொட மாட்டோம். யாருக்குன்னு புள்ளைங்க கேக்கும். வர்றவங்களுக்குன்னு சொல்லிடுவோம்.