மேடைக்கு மட்டும் அக்கா

— ஆடாதீங்க. ஊசி குத்திடும்.

— போதும் விடு. ஒரு பொத்தான் இல்லேன்னா குடியா முழுகிடப் போகுது?

— கையை விரிச்சுப் பாடறப்போ சட்டை விலகி வயிறு தெரியும். அந்த வயித்தை வெச்சுக்கிட்டு, பொண்டாட்டி செத்ததுலேர்ந்து சோறு இறங்கலைன்னு சொன்னா யாரு நம்புவா?

— அதான் சொல்றேன்ல. இன்னைக்கு அந்தக் கதை வேண்டாம். பாட்டை மட்டும் பாடிட்டு இறங்கிடறேன்.

— மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? காலையில வண்டி ஏறினதுலேர்ந்து இதே பேச்சு.

— தொண்டை சரியில்ல.

— பாடறதுக்குத் தொண்டை இருக்கு, பேசறதுக்கு இல்லையா?… தலையைத் தூக்குங்க. நூலைக் கடிக்கணும்.

— மெதுவா…

— வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களே, பாத்தீங்களா? "இழந்த துணைக்கு ஒரு பாட்டு"ன்னு கொட்டை எழுத்துல. உங்க பேரைவிட அதுதான் பெருசா இருக்கு.

— பாத்தேன். இழந்த துணை இங்க பல்லுல நூலைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா.

— மெல்லப் பேசுங்க! பக்கத்து ரூம்ல மேளக்காரத் தம்பி இருக்காரு. புதுசு. அவருக்கு நான் அக்கா.

— அவனுக்கும் அக்காவா?

— உங்க அக்கான்னா எல்லாருக்கும் அக்காதானே? மேடை இருக்கிற ஊருலயெல்லாம் நான் அக்கா. என்னைவிட ஒன்பது வயசு மூத்தவர் நீங்க. நீங்க தம்பி, நான் அக்கா. இது எப்படின்னு இத்தனை வருஷத்துல ஒருத்தராவது கேட்டிருக்காங்களா?

— நான் அவ்வளவு இளமையா இருக்கேன்னு அர்த்தம்.

— அந்தத் தலைக்குச் சாயம் அடிச்சு விடறது யாரு? அதுவும் அக்காதான்.

— …சரி, டீ இருக்கா?

— பால் இல்லாம இருக்கு. பால் சேத்தா தொண்டை கட்டும்னு சொல்வீங்க. இல்லாத தொண்டைக்கு எதுக்குக் காவல்?

— விட மாட்டியே…

— நான் ஏன் விடணும்? உங்க கதை எதுலதான் உண்மை இருந்துச்சு, இதை மட்டும் வேண்டாங்கறதுக்கு? படகுப் பாட்டுக்கு என்ன சொல்வீங்க? நடு ஆத்துல துடுப்பு முறிஞ்சு, விடிய விடிய வெள்ளத்துல மிதந்து…

— ஆமா.

— படகுல ஏறினதே இல்ல நீங்க. தண்ணியைப் பாத்தாலே தலை சுத்தும்.

— கண் ஆஸ்பத்திரியில வரிசையில நின்னப்போ வந்த பாட்டு அது. வரிசை நகரவே இல்ல. எப்படா கரை சேருவோம்னு இருந்துச்சு. அதைப் போய் மேடையில சொன்னா எவன் கேப்பான்?

— தறிப் பாட்டு?

— அது நிஜம்.

— எது நிஜம்? "உழைப்பாளியின் ஓசையில் கண்ணீர் விட்டேன்"னு சொல்றது நிஜமா?

— கண்ணீர் வந்துச்சே! பக்கத்து வீட்டுத் தறி ராத்திரியெல்லாம் தடதடன்னு… தூங்க முடியல. திட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன், திட்டு பாட்டாயிடுச்சு. கொஞ்சம் மாத்திச் சொன்னேன், அவ்வளவுதான்.

— நம்ம பாட்டு?

— எது நம்ம பாட்டு?

— நான் செத்த பாட்டுங்க.

— உனக்குத் தெரியாததா?

— தெரியும். உங்க வாயால கேட்டு ரொம்ப நாளாச்சு. மேடைக் கதை இல்ல. நடந்த கதை.

— …நீ கோவிச்சுக்கிட்டு உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டே. எதுக்குக் கோவம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

— எனக்குத் தெரியும். மேல சொல்லுங்க.

— பசி. அடுப்படிக்குப் போனா உப்பு எங்கன்னு தெரியல. ஒவ்வொரு டப்பாவா திறக்கறேன். மேல சர்க்கரைன்னு எழுதியிருக்கு, உள்ள ஊசியும் நூலும். தேயிலை டப்பாவுல குடைக்கம்பி. யாராவது குடைக்கம்பியைத் தேயிலை டப்பாவுல வெப்பாங்களா?

— அது நீங்க வெச்சது.

— அப்படியா?… அங்கேயே தரையில உக்காந்துட்டேன். அப்போ வந்துச்சு. "உப்பு எங்க வெச்சே, ஊசி எங்க வெச்சே, ஒத்தையில என்னை ஏன்டி தேட வெச்சே…"

— சிரிப்புப் பாட்டு.

— சிரிப்புப் பாட்டேதான். நீ திரும்பி வந்த அன்னைக்குப் பாடிக் காட்டினேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சியே.

— சிரிச்சேன். அப்புறம் உப்பை எடுத்துக் காட்டினேன். அடுப்புக்குப் பக்கத்துலயே இருந்துச்சு.

— எல்லா ஊருலயும் சிரிச்சாங்க. அந்த மார்க்கெட் மேடைக்குப் போற வரைக்கும்.

— ம்.

— எவனும் நிமிந்து பாக்கல. நான் பாடறேன், முன்னாடி உக்காந்திருந்தவன் பக்கத்துல இருந்தவன்கிட்ட மாட்டு விலை பேசறான். பொத்துக்கிட்டு வந்துச்சு. "என் பொண்டாட்டி செத்து மாசம் ஒண்ணாகல"ன்னு சொல்லிட்டேன்.

— நான் பின்னாடி டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். டம்ளர் கையில அப்படியே நின்னுபோச்சு.

— கூட்டம் கப்சிப். அதே உப்பு, அதே ஊசி… சிரிச்ச இடத்துலயெல்லாம் அழறாங்க. மாட்டு விலை பேசினவன் துண்டை வாயில வெச்சுக்கிட்டு அழறான். நான் பயந்துட்டேன்டி.

— இறங்கி வந்து என்கிட்ட என்ன சொன்னீங்க?

— இன்னைக்கு ஒரு நாள்தான்னு.

— ம்.

— அப்படித்தான் நினைச்சேன்… மறுநாளே நாலு ஊருலேர்ந்து கூப்பிட்டாங்க.

— உங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். ஒரு பெரியம்மா மேடைக்குப் பின்னாடி வந்து, நீ யாரும்மா இவருக்குன்னு கேட்டாங்க. அக்கான்னு சொன்னது நான்தான். என் வாய்லேர்ந்துதான் வந்துச்சு.

— அப்புறம் அதே நிலைச்சுப்போச்சு.

— போன வருஷம் ஒரு அம்மா என்கிட்டயே உங்களுக்குப் பொண்ணு பேசினாங்க, தெரியுமா?

— சொல்லவே இல்லையே! என்ன சொன்னே?

— தம்பி குறட்டை விடுவான், பரவாயில்லையான்னு கேட்டேன்.

— அதுக்கு?

— பரவாயில்லைன்னுட்டாங்க. எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு.

— ஹ… பொண்ணு எப்படியாம்?

— சிரிங்க. நானும் அவங்க முன்னாடி சிரிச்சேன். ரூமுக்குப் போய் அழுதேன்.

— …என்னை எழுப்பியிருக்கலாம்ல?

— எப்படி எழுப்பறது? அக்காவுக்கு ஒரு ரூம், தம்பிக்கு ஒரு ரூம். சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்க குறட்டை கேட்டுக்கிட்டிருந்துச்சு. கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன். போன மாசம் காய்ச்சல்ல கிடந்தேனே, அப்பவும் அப்படித்தான். மேடையில நான் ஆஸ்பத்திரியில சாகறேன், நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஒலிபெருக்கியில கேக்குது. இங்க மாத்திரை முழுங்கத் தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. செத்தவளுக்கு இருக்கிற கவனிப்பு அக்காவுக்கு இல்லைங்க.

— அதனாலதான் சொல்றேன்! இன்னைக்கு அந்தக் கதை வேண்டாம்.

— இன்னைக்குச் சொல்லித்தான் ஆகணும். சனங்க அதுக்குத்தான் வந்திருக்காங்க.

— வேற மாதிரி பண்ணலாம். உன்னை மேடைக்குக் கூப்பிடறேன். இவதான் என் பொண்டாட்டி, கல்லு மாதிரி இருக்கான்னு சொல்றேன். உப்பு டப்பா கதையை உள்ளபடியே சொல்லிட்டுப் பாடறேன்.

— செருப்பைக் கழட்டி அடிப்பாங்க.

— அடிக்கட்டும்.

— இந்த வயசுல உங்களுக்கு எண்ணெய் தேய்ச்சு விட என்னால ஆகாது. பேசாமப் பழைய கதையையே சொல்லுங்க. தயவு பண்ணி.

— நான் உன்னை உசிரோட கூட்டிட்டுப் போறேங்கறேன், நீ சாகத் துடிக்கிறியே!

— ஷ்ஷ்… யாரோ கதவைத் தட்டறாங்க.

— ஐயா, உள்ள வரலாமா? நான்தான், மன்றத்துச் செயலாளர். அக்கா, டீ வந்துச்சா? பிஸ்கட் சொல்லட்டுமா?… ஐயா, ஹால் நிறைஞ்சு வாசல் வரைக்கும் நிக்கிறாங்க. ஒரு சின்ன வேண்டுகோள். அந்த ஆஸ்பத்திரிக் கட்டத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லணும். போன ஊருல சுருக்கிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்.

— செயலாளரே, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும். இவங்க என் அக்கா இல்ல.

— என்னங்க… வேண்டாம்.

— இரு. செயலாளரே, இவ என் பொண்டாட்டி. கதையில செத்துப்போறவ இவதான்.

— தெரியுங்க ஐயா.

— …என்ன தெரியும்?

— இவங்க உங்க வீட்டம்மான்னு.

— யாருக்கெல்லாம் தெரியும்?

— பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியுங்க. புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது, நாங்களும் சொல்ல மாட்டோம். எங்கம்மாவுக்கு நல்லாத் தெரியும். ஆனா உப்பு எங்க வெச்சேன்னு நீங்க ஆரம்பிச்சதும் மொத ஆளா அழறது அவங்கதான்.

— தெரிஞ்சுமா?

— எங்கப்பா போனப்புறம் அவங்களும் அப்படித்தாங்க சாவியைத் தேடினாங்க. உங்க வீட்டுல யாரு இருக்கா, இல்லைங்கறது அவங்களுக்கு எதுக்கு?

— எப்படி… எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?

— என்ன அக்கா இப்படிக் கேக்கறீங்க? ஃபிளாஸ்க்கை வெச்சுக்கிட்டு நீங்க திரை ஓரத்துல நிப்பீங்க. ஐயா ஒரு அடி பாடினா ஒரு தடவை உங்களைத் திரும்பிப் பாப்பாரு. கூடப் பொறந்தவளை யாராவது அப்படிப் பாப்பாங்களா?

— அப்ப எங்களுக்கு ரெண்டு ரூம் எதுக்குப் போட்டீங்க?

— நீங்க அக்கான்னு சொன்னீங்களே. உங்க வார்த்தைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?… சரிங்க ஐயா, மைக் டெஸ்ட் முடிஞ்சதும் கூப்பிடறேன். ஆஸ்பத்திரிக் கட்டம், மறந்துடாதீங்க.

— …போயிட்டாரா?

— போயிட்டாரு.

— எல்லாருக்கும் தெரியுமாம்.

— ம்.

— அப்ப இத்தனை வருஷமா நான் யாருக்காகங்க அக்காவா இருந்தேன்? சொல்லுங்க. கதை உங்களுது. நீங்கதான் சொல்லணும்.

— தெரியலடி. சத்தியமாத் தெரியல… எழுந்திரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு மேடைக்கு வா. எல்லார் முன்னாடியும் சொல்றேன்.

— எதுக்கு? தெரிஞ்சவங்ககிட்டப் போய்த் தெரிஞ்சதைச் சொல்லவா? அவர் வர்றதுக்கு முன்னாடி நீங்க சொன்னப்போ மனசு கொஞ்சம் ஆடிச்சு. மேடையில உங்க பக்கத்துல நின்னா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கூடப் பாத்தேன். இப்போ அதுவும் இல்ல.

— ஒரே ரூமாச் சொல்றேன். இன்னைக்கே.

— ரூம் இல்லைங்க… விடுங்க. சட்டையை உள்ள விடுங்க. போய்ப் பழைய கதையைச் சொல்லுங்க.

— மாட்டேன்.

— ஏன் இப்படி அடம் பிடிக்கிறீங்க?

— உன் பையைப் பாத்துட்டேன்.

— …எந்தப் பை?

— டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி தனியா வெச்சிருக்கியே, அது. உன் போர்வை, குளிருக்குப் போடற சட்டை, மூட்டுவலித் தைலம்… எல்லாம் இருக்கு. ஒரு ராத்திரிக் கச்சேரிக்கு யாராவது குளிர்காலத்தையே மூட்டை கட்டிக்கிட்டு வருவாங்களா?

— எப்போ பாத்தீங்க?

— காலையில. ஆர்மோனியத்தை உள்ள வெக்கறப்போ.

— அதனாலதான் தொண்டை சரியில்லையா?

— அதனாலதான்.

— …தங்கச்சி வீட்டுக்குத்தாங்க. வேற எங்க போவேன்? அவளுக்காவது நான் நிஜமாவே அக்கா.

— கோவமா?

— கோவமா இருந்தா அந்தத் தடவை மாதிரி நாலு நாள்ல திரும்பி வந்துடுவேன். கோவம் இல்லைங்க. அலுத்துப்போச்சு. உசிரோட இருக்கிற ஒரு பொம்பளையா நாலு பேரு முன்னாடி காய்கறி வாங்கணும், சண்டை போடணும், அவ்வளவுதான்.

— இன்னைக்கேவா?

— இன்னைக்கு விட்டா தைரியம் போயிடும்.

— …போறதுன்னா போ. கையைப் பிடிச்சு நிறுத்த எனக்கு மூஞ்சி இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் புரியல. போறவ போக வேண்டியதுதானே? அந்தக் கதையைச் சொல்லுங்க, சொல்லுங்கன்னு காலையிலேர்ந்து ஏன் என் உசிரை வாங்கினே?

— அந்தக் கதையைச் சொல்றப்போ மட்டும்தாங்க நீங்க கண்ணை மூடுவீங்க. மத்த நேரமெல்லாம் என்னைப் பாத்துக்கிட்டே இருப்பீங்க… நீங்க பாத்துக்கிட்டிருந்தா என்னால போக முடியாது. பல ஊருல முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்.